புதிர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பாடநூல்தான் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செஸ் கற்கத் தேவையான பாடங்களை எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் எழுதியவர் எதைக் கொண்டு பிழைப்பார் என்று பயிற்சியாளர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஆட்டக்குறிப்பு (ஆடிய நகர்த்தல்களின் பதிவு), புதிர் (பலகை நிலை ஒன்றைத் தந்து சரியான நகர்த்தலைக் கேட்பது), விளக்கநூல், பயிற்சியாளரின் நேரம் ஆகிய நான்கும் வெவ்வேறு சரக்குகள். நால்வகைக்கும் ஒரே விடை தேடுவதால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

ஆடிய நகர்த்தல்கள் யாருடைய உடைமையும் அல்ல. 2016 கார்ல்சன்–கர்யாக்கின் உலகப் பட்டப் போட்டியின்போது, நகர்த்தல்களை மற்ற தளங்கள் உடனுக்குடன் வெளியிடுவதைத் தடுக்கும்படி போட்டியை நடத்தியவர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் கேட்டார்கள், தடை கிடைக்கவில்லை. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் குகேஷ் டிங் லிரெனுடன் ஆடிய 14 ஆட்டங்களையும் எவரும் அச்சிடலாம். அவற்றுக்கு ஒருவர் எழுதிய விளக்கத்தை எடுத்தாள அவருடைய அனுமதி வேண்டும். விலைக்கு விற்கும் புத்தகத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுவதை ‘ஏழை மாணவருக்கு உதவி’ என்று சொல்வது சரியல்ல. அதிலும் அப்படிச் சுற்றுபவை பெரும்பாலும் தொடக்க ஆட்ட நூல்கள். யானையும் ராஜாவும் வைத்து மாட் (எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியின்றி மடக்குதல்) செய்யத் தெரியாத பிள்ளைக்கு சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டத்தின் இருபதாவது நகர்த்தல் எதற்கு?

தொடக்கநிலை மாணவருக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே இலவசம். இணையத்தில் செஸ் ஆடவும் பயிலவும் உதவும் லிச்செஸ் தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆட்டங்களை அலசும் ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளின் மூல நிரலே பொதுவில் இருக்கிறது. லிச்செஸ் தன் புதிர்க் களஞ்சியத்தை எந்த உரிமையும் கோராமல் வெளியிட்டிருக்கிறது. பல லட்சம் புதிர்கள் கொண்ட அதை இறக்கி, அச்சிட்டு, விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் இணையத்தில் திரையைத் தட்டும் பிள்ளை யோசிக்காமல் தட்டிப் பார்த்தே விடை கண்டுபிடித்துவிடும். தாளில் எழுதும்போதுதான் முழு வரிசையையும் மனதுக்குள் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆகவே அச்சுப் பயிற்சி நூலுக்கு மாற்று இல்லை.

அதைத் தயாரிக்க முனைவோர் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. லிச்செஸ் புதிர்க் களஞ்சியத்தின் கோப்பை (ஃபைலை) நேரடியாக எக்செலில் திறந்தால் சுமார் பத்தரை லட்சம் வரிகளோடு நின்றுவிடும். மீதி காணாமல் போகும். முதலில் வேறு கருவியால் வடிகட்டிச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, களஞ்சியத்தில் உள்ள நிலை எதிராளி ஆடுவதற்கு முந்தைய நிலை. விடை வரிசையின் முதல் நகர்த்தல் எதிராளியுடையது. அதை ஆடி முடித்த பிறகு வரும் பலகையைத்தான் படமாக அச்சிட வேண்டும். இதைக் கவனிக்காமல் அச்சிட்டால் புத்தகம் முழுவதும் தவறான படங்களாகிவிடும். ஒரே நகர்த்தலில் மாட் செய்யும் புதிர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். விடைத்தாளிலோ ஒன்றுதான் இருக்கும். சரியாக எழுதிய பிள்ளைக்கு ஆசிரியர் தவறு போடுவது இப்படித்தான் நிகழ்கிறது. இந்தப் பகுதியை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஏ4 தாளில் பக்கத்துக்கு ஆறு படம், ஒவ்வொன்றும் 7 செ.மீ. அகலம், கீழே விடை எழுத ஒரு கோடு என்று வைத்தால் 300 புதிருக்கு 50 பக்கம் போதும். படத்தை இன்னும் சுருக்கினால் கறுப்புக் கட்டத்தில் நிற்கும் கறுப்புக் காய்கள் நகலெடுப்பில் கலங்கிவிடும். கறுப்புக் கட்டங்களுக்கு வெளிர்சாம்பல் நிறம் கொடுப்பது நல்லது. யார் ஆட வேண்டும் என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுத வேண்டும். களஞ்சியத்தில் புதிருக்குப் புதிர் ரேட்டிங் (கடினத்தைக் காட்டும் எண்) இருக்கிறது. முதல் நூலுக்கு 1000-க்குக் குறைவானவை போதும். காவலற்ற காயை வெட்டுதல், ஒரு நகர்த்தல் மாட், ஃபோர்க் (ஒரே காயால் இரண்டைத் தாக்குதல்), பின் (பின்னால் இருக்கும் காய்க்காக முன்காய் நகர முடியாமல் கட்டுண்டிருத்தல்) என்ற வரிசையில் அமைக்கலாம்.

விளக்கப் பகுதிக்கும் வழி உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்கா 1942-இல் மறைந்தார். அவர் 1921-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ நூலைத் தமிழாக்க இங்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யானையும் ராஜாவும் வைத்து மாட் செய்வதில் தொடங்கும் நூல் அது, தொடக்க ஆட்டத்தில் அல்ல. பழைய குறியீட்டில் இருக்கும் நகர்த்தல்களை இன்றைய கட்டப்பெயர் முறைக்கு (e4, Nf3 போன்றவை) மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பிற்காலப் பதிப்பாளர்கள் சேர்த்த குறிப்புகளை மட்டும் தொடக்கூடாது. அவற்றுக்குத் தனி உரிமை இருக்கும்.

இத்தனையும் இலவசமாகக் கிடைத்தாலும், தெரிவு செய்து, சரிபார்த்து, தமிழில் எழுதி, பக்கம் அமைப்பவர் உழைப்புக்கு யாராவது பணம் கொடுத்தாக வேண்டும். அதைப் படிக்கும் பிள்ளையிடம் வசூலிக்காமல் அரசு தருவதே முறை என்பது என் கருத்து. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்திய மாநிலத்துக்கு இது பெரிய செலவல்ல. எழுதுவோருக்கு ஒருமுறை கௌரவமான தொகை கொடுத்து, நூலை எவரும் நகலெடுக்கலாம் என்ற உரிமத்தோடு பள்ளிக் கல்வித் துறை வெளியிடலாம். நேரில் உட்கார்ந்து மாணவரின் ஆட்டத்தை அலசித் தரும் பயிற்சியாளர் தன் கட்டணத்தைத் தொடர்ந்து வாங்கட்டும். இலவச நூல் அவர் வருமானத்தில் கை வைக்காது, சொல்லப்போனால் தயாரான மாணவர்களை அவரிடம் அனுப்பும்.

அச்சுப் பிரதியோடு, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்து வெளியிட வேண்டும். வெறும் பிடிஎஃப் மட்டும் தந்தால், பிழையான ஒரு படத்தைத் திருத்தவும் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க நேரும்.

இப்படிக்கு,
சதுரங்கப் பயிற்சியாளர் ஒருவர்,
கரூர்.