உறைபனிப் படத்துக்குக் கீழே நாலு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு,

தை பிறந்தால் மலையகத்து ஹோர்ட்டன் சமவெளியில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும் படத்தை நீங்கள் போடாமல் விடுவதில்லை. படம் அழகுதான். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பொடியன்கள் ஆறு பேர் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட நிற்கிறார்கள், அதில் ஒருவன் என் மருமகன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் போனவன்தான். செங்கலடியில் பஸ் ஏறி பதுளை, அங்கிருந்து ரயிலில் ஒஹிய, பிறகு 11 கிலோமீற்றர் ஏற்றம். கூட்டிப்போனவர் ஒரு சுவெட்டர் போதும் என்றார். மட்டக்களப்பானுக்குக் கூதல் என்றால் மார்கழி மழையில் வாவிக் காற்றுக்குப் போர்வையை இழுத்து மூடுவது, அவ்வளவுதான். அந்தச் சமவெளியோ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீற்றருக்கு ஆறு, ஆறரை பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற இரவு இன்னும் மோசம், நிலத்தின் சூட்டைப் பிடித்துவைக்க மேகம் இல்லை, குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கும். நாங்களோ காற்றுக்குப் பயந்து பள்ளமாகப் பார்த்துத்தான் டென்ட் அடித்திருந்தோம்!

ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்தி பெனியனோடும் ஜீன்ஸோடும் அப்படியே படுத்தது பெரிய பிழை. பருத்தி ஈரத்தை விடாது. கீழே வெறும் பாய், மேலே எத்தனை போர்த்தினாலும் நிலத்துக் கூதல் முதுகால் ஏறுகிறது. சின்ன காஸ் அடுப்பும் நள்ளிரவில் மக்கர் பண்ணியது, பூச்சியப் பாகைக்குக் கிட்டப் போனால் பியூட்டேன் ஆவியாகாது, கலனைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் இஞ்சிப் பிளேன்டீ போட்டோம். ஒருவன் அடுப்பை டென்ட்டுக்குள் இழுக்கப் பார்த்தான், நல்லவேளை தடுத்தோம், காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

இன்னொருவன் சாராயம் கொண்டுவந்திருந்தான். குடித்தால் தோல்தான் சுடும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். விடியப்புறம் அவனுக்கு நாக்குக் குழறியது, சப்பாத்து நாடா கட்ட விரல் வரவில்லை. வெறி முறியவில்லை என்று சிரித்தோம், பிறகுதான் உடம்பு குளிர்ந்துபோனது விளங்கியது. ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்த சாரம் சுற்றி, இரண்டு பேருக்கு நடுவில் படுக்கவைத்து, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் தெளிந்தான்.

சரி, அடுத்த முறை படத்துக்குக் கீழே நாலு வரி போடுங்கள். இரவுக்கென்று காய்ந்த உடுப்பு ஒன்று தனியாக, பருத்தி வேண்டாம், கம்பளியோ பொலியெஸ்டரோ. பாய்க்குப் பதில் தடித்த ரெஜிபோம் நுரைத் தகடு. காதை மூடும் தொப்பி. தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி.

மருமகனுக்கு என் கம்பளித் தொப்பியைக் கொடுத்துவிட்டேன், ஜீன்ஸைத்தான் விடமாட்டேன் என்கிறான்.

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர்