சேற்றையும் அள்ளிப் பாருங்கள்

கொடைக்கானல் ஓடைகளில் நீர் மாதிரி எடுக்க வரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஐப்பசியில் பாம்பார் சோலைப் பக்கம் உங்களில் ஒருவரைப் பார்த்தேன். பழைய வெப்பமானி ஆலையின் பாதரசம் ஓடைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க, பாட்டிலை ஓடையில் முக்கி, மூடி, லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். சேறு எடுக்கவில்லையா என்று கேட்டேன். "ராத்திரி முழுக்கத் தவளை கத்துதே சார், தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே இரவில் புதருக்குப் புதர் 'டிக் டிக்' என்று கேட்பது பெரும்பாலும் புதர்த்தவளை. அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர மண்ணிலோ இலையிலோ இடும் முட்டைக்குள்ளேயே கைகால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஓடை கெட்டாலும் அது கத்தும். ஓடையை நம்பிப் பிழைப்பது வேறு கூட்டம்: 2008இல்தான் அறிவியல் பெயர் பெற்ற, நம் பழனி மலையின் நட்சத்திரக்கண் தவளை போன்றவை. அதன் பிரட்டை ஓடையில் வளர்ந்துதான் ஆக வேண்டும்.

ஓடைப் பிரட்டை ஒன்றை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, லென்ஸ் வைத்து வாயைப் பாருங்கள். மயிரிழை போலப் பல்வரிசைகள் தெரியும். அவற்றால்தான் கல்லில் படிந்த பாசியை நாளெல்லாம் சுரண்டித் தின்கிறது. பாசியோடு வண்டலும் வயிற்றுக்குள் போகிறது. பாதரசம் உங்கள் பாட்டிலுக்காகத் தெளிந்த நீரில் காத்திருக்காது. பெரும்பகுதி வண்டலில் ஒட்டிக்கொண்டு அடியில் கிடக்கும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும். உடம்பில் ஏறித் தங்குவது அதுதான். தாய்த் தவளையிடமிருந்து முட்டைக்கும் போகும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில், நிலக்கரிச் சாம்பலின் உலோகங்கள் கலந்த குட்டைகளில் வளர்ந்த பிரட்டைகளுக்குப் பல்வரிசை விட்டுப்போயிருந்ததை 1990களில் பதிவு செய்தார்கள். முதுகெலும்பு கோணியவையும் இருந்தன. பல் இல்லாத பிரட்டை எதைச் சுரண்டும்? வால் கோணினால் மீனிடமிருந்து எப்படித் தப்பும்? வளர்ச்சி பிந்தினாலும் ஆபத்துதான். கால் முளைப்பதற்குள் குட்டை வற்றிவிடும். வால் கரையும் நாட்களில் பிரட்டை ஒன்றும் தின்பதில்லை. உடம்பு சுருங்கும், சேர்ந்த நஞ்சு அந்த அளவுக்குக் குறையாது.

2001இல் மூடிய அந்தப் பாதரச வெப்பமானி ஆலையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வளாக மண்ணைச் சுத்தம் செய்ய, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்று வைத்த வரம்பு சரியா தப்பா என்று ஊரே சண்டை போட்டாயிற்று. நான் அதற்குள் போகவில்லை. ஆலைக்குக் கீழே சரிவில் பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறுதான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. நான் கேட்பது அந்த ஓடையின் அடிச்சேற்றை. கல்லின் பாசியையும் பிரட்டைகளையும் சேர்த்து எடுங்கள், முடிவை ஊருக்குச் சொல்லுங்கள். தாமிரப் பூஞ்சைக்கொல்லி அடிக்கும் தோட்டங்களின் ஓடைகளையும் விட்டுவிடாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு தாமிரமே பிரட்டையைக் கொன்றுவிடும்.

கோடையில் வராதீர்கள், பிரட்டை கிடைப்பது கஷ்டம். மழை விட்டதும் வாருங்கள். தேதி சொன்னால் வழிகாட்ட நானும் வருகிறேன். சோலைக்குள் அட்டை அதிகம், கொஞ்சம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல்வாசி ஒருவன்