வலிக்கும் கண்ணை எடுத்துவிடுங்கள்: கோத்தகிரிச் சகோதரிக்கு ஒரு மடல்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் ஃபெரெட்டின் (கீரியைப் போல நீண்டு மெலிந்த, வீட்டில் வளர்க்கும் சிறு ஊனுண்ணிப் பிராணி) வலக்கண்ணில் ஏற்பட்ட புண் ஆறாமல் உள்ளே இறங்கிப் பார்வையும் போய்விட்டதாகவும், வீங்கிக் கிடக்கும் அந்தக் கண்ணை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்வதாகவும், வீட்டுப் பெரியவர்கள் "வாயில்லா ஜீவனின் கண்ணைத் தோண்டுவது பாவம்" என்று தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இதே குழப்பத்தில் மலையில் இன்னும் சிலர் இருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடுங்கள். பார்வை இனித் திரும்பாது என்று உறுதியான பிறகு, வலியை மட்டுமே தரும் ஒரு கண் முகத்தில் இருப்பது நம் மன ஆறுதலுக்குத்தானே தவிர அதற்கல்ல.

ஃபெரெட் வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. நாளில் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குவது அதன் இயல்பு என்பதால், வலியால் சுருண்டு கிடப்பதையும் தூக்கம் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். பல்லை நறநறவென்று கடிப்பது, கண்ணை இடுக்குவது, தலைப்பக்கம் கை போனால் விலகுவது, இறைச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் படுப்பது ஆகியவற்றைப் பாருங்கள். "சமர்த்தாக இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கவலை தந்தது. நலமாக உள்ள ஃபெரெட் சமர்த்தாக இராது.

பார்வை இதற்கு இரண்டாம்பட்சம். ஐரோப்பாவில் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக முயல் வளைக்குள் அனுப்புவதற்கென்றே பழக்கி வளர்த்த இனம் இது. வளைக்குள் வெளிச்சம் ஏது? குட்டி பிறந்து ஏறக்குறைய ஒரு மாதம் வரை கண்ணே திறப்பதில்லை. நல்ல கண் உள்ளவற்றுக்கே தூரத்தில் இருப்பது மங்கல்தான். என்னிடம் இருக்கும் ஃபெரெட்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுவரோரமாக மீசை உரச ஓடிவந்து, கதவு நிலையில் அரை நொடி நின்று, மூக்கைத் தூக்கி இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, கோழி ஈரல் வேகும் பக்கம் பிசகாமல் திரும்புவதைப் பார்க்கிறவர்கள், அதற்குக் கண் தெரியாது என்று சொன்னாலும் நம்புவதில்லை. (பக்கத்து வீட்டார் கீரிப்பிள்ளை என்பார்கள். இது கீரியன்று, நீர்நாய்க்கும் நம் சோலைக்காட்டில் மரமேறித் திரியும் நீலகிரி மார்ட்டின் என்ற சிறு விலங்குக்கும் உறவு. கீரி வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.)

அறுவைக்கு முந்தைய இரவிலிருந்தே பட்டினி போடும்படி நாய்களுக்குச் சொல்வதுபோல் யாராவது சொன்னால், தயங்காமல் மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். ஃபெரெட் உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். அதற்கு மேல் வெறும் வயிறாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். நடுவயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்குக் கணையக் கட்டி சகஜம் என்பதால் அவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தையலைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டையை நம்பாதீர்கள். தலையும் கழுத்தும் ஒரே பருமன், உருவிக்கொண்டு வந்துவிடும். முன்னதாகவே நகத்தை வெட்டிவிட்டு, மரத்தூளுக்குப் பதிலாக மென்மையான துணியைப் படுக்கையில் விரியுங்கள். வலிக்கு மருத்துவர் எடை பார்த்துத் தருவது மட்டுமே. நம் வீட்டுப் பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் அதற்கு நஞ்சு.

அதுவரை சொட்டு மருந்து விடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பிடரித் தோலை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, பின்னங்காலைத் தரையில் தாங்கவிட்டு மெல்லத் தூக்கினால், சற்று நேரத்தில் உடல் தளர்ந்து பெரிதாகக் கொட்டாவி விடும். அந்த இடைவெளியில் பின்பக்கத்திலிருந்து சொட்டை விட்டுவிட்டு, கரண்டியில் கொஞ்சம் முட்டை மஞ்சள் கருவை நக்கக் கொடுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். வீட்டில் மிச்சமிருந்த பழைய கண் சொட்டு மருந்தை ஒருபோதும் எடுக்காதீர்கள். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், கருவிழிப் புண்ணை ஆறவிடாது, கண்ணையே ஓட்டையாக்கிவிடும். மருத்துவர் முதலில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பது அதற்காகத்தான். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய் என்று பாட்டி வைத்தியம் சொல்கிறவர்களிடம் சண்டை போடாமல், சரி என்று தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருங்கள்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே இல்லை. சளிக்குத் தடவுகிறோம், தரை துடைக்கும் தண்ணீரில் ஊற்றுகிறோம். யூகலிப்டஸ் எண்ணெய் சிறு பிராணிகளுக்கு நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை அவை நக்கி உள்ளே தள்ளிவிடும். போதாக்குறைக்கு அந்த நெடி வீட்டின் மற்ற வாசனைகளையெல்லாம் மூழ்கடித்துவிடுவதால், கண் தெரியாத ஃபெரெட்டுக்கு வழிகாட்டும் தடமே அழிந்துபோகிறது. வெந்நீரில் துடைத்தால் போதும். அதன் படுக்கைத் துணிகளையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைக்காமல், பழைய வாசனை கொஞ்சம் மிஞ்சும்படி மாற்றி மாற்றித் துவையுங்கள்.

மேசை நாற்காலி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். மலைச்சரிவு வீடுகளில் அறைக்கு அறை படி உண்டு. படி இருக்கும் இடத்தில் ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். மார்கழிக் குளிரில் கணப்புச் சட்டியை அது திரியும் அறையில் வைக்காதீர்கள், சூடும் புகையும் இரண்டுமே அதற்கு ஆகாது. தூங்கும்போது சொல்லாமல் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், அது கோபமல்ல. பெயரைச் சொல்லி அழைத்து, புறங்கையை மோந்து பார்க்கவிட்டுப் பிறகு தூக்குங்கள். ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கும்போது நம் குரல் நமக்கே கேட்காது; அப்போது தரையை இரண்டு முறை தட்டினால் அதிர்வில் தெரிந்துகொள்ளும்.

அறுவைக்காகக் கோயம்புத்தூருக்கு இறங்குவதாக இருந்தால் விடிவதற்கு முன் கிளம்புங்கள். 27 டிகிரிக்கு மேல் போனாலே ஃபெரெட்டுக்குத் தவிப்பு. 32ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கோத்தகிரிக் குளிரில் பழகியது மேட்டுப்பாளையத்துச் சித்திரை வெயிலை மூடிய கூண்டுக்குள் தாங்காது. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் வேண்டியபோது அதில் சாய்ந்துகொள்ளும்.

இடக்கண்ணையும் நாள்தோறும் பாருங்கள். அதில் வெள்ளை படர்ந்தால் புரையாக இருக்கலாம், அதற்கு அவசரமில்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் பீளை கட்டி, மூக்கும் ஒழுகி, தாடைக்கடியில் தோல் சிவந்தால் அன்றைக்கே ஓடுங்கள். தெருநாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டைப் பெரும்பாலும் பிழைக்கவிடாது. நாய்க்குப் போடும் தடுப்பூசி எல்லாம் இதற்குப் பொருந்தாது என்பதால், எதைப் போடலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தாலும் விலகியே இருங்கள், அது அப்படியே தொற்றும். 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் மனித இன்ஃபுளுயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் மூலம்தான். பிறகு ஒரு ஃபெரெட் தும்மி, ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் வந்த கதையும் உண்டு.

பெரியவர்களிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். தேதி வாங்கியதும் எழுதுங்கள். மேலிருந்து திறக்கும் கூண்டு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, குன்னூர்ப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து உங்கள் அக்கா