ரசமட்டம் பார்த்த ஒரு கல் மேசை வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களே, பெரியோர்களே, ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேலியோரம் நின்று பார்க்கும் பெற்றோர்களே,

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஆர்.சி. டூரிங் கார், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் சின்ன பந்தயக் கார், ஓட்டும் நாங்கள் 12 பேர் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு செட்டப் மேசை, அதாவது காரை வைத்து அளந்து சரிசெய்யும் மேசை, போடப் போகிறோம். மேசை, அதில் வைத்து அளக்கும் கருவிகள், சுற்று நேரம் எடுக்கும் கருவி, கார் ஓட்டும் தளத்தில் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் சேர்த்து ரூ.1,20,000 ஆகிறது. எங்கள் கையிலிருந்து ரூ.41,000 போட்டுவிட்டோம். மீதி ரூ.79,000-க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

"காரை அளக்க மேசை எதற்கு, தரையில் வைத்து அளக்கக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. போன தை மாதம் நடந்ததைச் சொன்னால் பதில் கிடைத்துவிடும்.

பர்கூர் பக்கத்திலிருந்து வரும் கல்லூரித் தம்பி ஒருவர் டமியா என்ற ஜப்பான் நிறுவனத்தின் டிடி-02 கார் வைத்திருக்கிறார். 2013-இல் வெளிவந்த மாடல். ஒரே ஷாஃப்ட் நான்கு சக்கரங்களுக்கும் ஓட்டம் கொடுக்கும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு நல்ல கார். அந்தத் தம்பியின் கார் மட்டும் வேகம் கொடுத்தால் இடதுபக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலதுபக்கம் போகும். ரிமோட்டில் ஸ்டீயரிங்கை நேராக்கும் டிரிம்மைத் திருப்பிப் பார்த்தார். டயரை மாற்றிப் போட்டார். கடைசியில் மூன்று மாதம் சேர்த்த பணத்தில் முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவைப் புதிதாக வாங்கி மாட்டினார். அதே இழுப்பு. "ரேடியோவே போச்சு போலண்ணா" என்று வந்து நின்றார்.

எங்களிடம் சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய ஒரு கிரானைட் துண்டு இருந்தது. அதன்மேல் காரை வைத்தோம். முன் பம்பரின் சரியான நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினோம். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக எழ வேண்டும். வலது சக்கரம் முதலில் எழுந்தது. அதன் அடியில் தாள் சுலபமாக நுழைந்தது. இடது சக்கரத்தின் அடியில் அதே தாள் மாட்டிக்கொண்டது. முன்னால் தூக்கும்போது தெரிவது பின்னால் இருக்கும் கோளாறு என்பதால் பின்பக்க டாம்பர்களை, அதாவது ஷாக் அப்சார்பர்களை, பார்த்தோம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒரு பக்கம் தடியாகவும், மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தது. மாற்றிப் போட ஐந்து நிமிடம். கார் நூல் பிடித்தது போல் ஓடியது.

இதே சோதனையை அவரும் வீட்டில் செய்திருக்கிறார். டைல்ஸ் தரையில். இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் ஒரு சக்கரம் நின்றதால், கோணலாக இருந்த கார் நேராக இருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. அந்த சர்வோ பணம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

இந்தக் கார்கள் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அகலம் 190 மி.மீ., முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய 257 மி.மீ. அப்படியானால் இதில் அரை மில்லிமீட்டர் என்பது பெரிய காரில் அரை சென்டிமீட்டர். கிருஷ்ணகிரியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு, சென்னை, சேலம் போகும் சாலைகள் சந்திக்கும் ஊர். அலைன்மென்ட் பார்க்காத லாரி ஒரு பக்கம் இழுப்பதும், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துபோவதும் இங்கே வீட்டுக்கு ஒருவருக்குத் தெரியும். நாங்கள் செய்வதும் அதே வேலைதான்.

சக்கரத்தின் மேல்பக்கம் ஒன்றரை அல்லது இரண்டு டிகிரி உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். அது கேம்பர். பின் சக்கரங்களின் முன்பக்கம் மூன்று டிகிரி உள்நோக்கி இருந்தால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் அலையாது. அது டோ-இன். காரின் அடிச்சட்டமான சேசிஸின் அடிப்பாகம் தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். நம் தளம் சிமென்ட் என்பதால் 6 வைக்கிறோம், இல்லையென்றால் மேட்டில் உரசும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு சிறிய தராசு வைத்து எடை பார்த்தால், பேட்டரியைக் கொஞ்சம் தள்ளி வைத்ததுகூடத் தெரிந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம், காருக்குக் கீழே இருக்கும் தளம் சமமாக இருப்பது. அது சரியில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த கேஜ் வாங்கினாலும் அளவு தப்புதான்.

கல்லுக்கு நாம் வெளியூர் போக வேண்டாம். நம் மாவட்டத்துக் கல் கப்பலேறி வெளிநாடு போகிறது. பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 75 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் ஒரு கருங்கல் பலகையை இலவசமாகத் தருகிறேன் என்றிருக்கிறார். ஆனால் பளபளப்பு வேறு, சமதளம் வேறு. முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் கல்லிலும் நடுவில் பள்ளம் இருக்கலாம். எங்கள் குழுவில் இரண்டு பேர் ஓசூர் தொழிற்சாலைகளில் டூல்ரூம் வேலை பார்ப்பவர்கள். டயல் கேஜ் வைத்து மேடு பள்ளம் பார்த்து, தேய்த்துச் சரிசெய்யும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்‌ஷன் அறைகளிலும் அளவு பார்க்கக் கிரானைட் பலகை வைத்திருப்பார்கள். துரு பிடிக்காது, வெயிலுக்கு இரும்பைப்போல் விரியாது. இரும்பு ஸ்டாண்டை மூன்று காலில் செய்யச் சொல்லியிருக்கிறோம். நான்கு கால் ஆடும், மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. ஒவ்வொரு காலிலும் திருகு வைத்து ரசமட்டம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாண்டுக்கும் கல்லைத் தேய்க்கும் பொருளுக்கும் ரூ.9,000.

அளவுக் கருவிகளுக்கு ரூ.18,000. தராசுகள் ரூ.6,000. பெரிய செலவு சுற்று நேரக் கருவிதான், ரூ.62,000. பழைய கருவியாகத்தான் வாங்குகிறோம், இருந்தும் அவ்வளவு ஆகிறது. இது ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங் மாற்றினால் கார் "நல்லா இருக்கு" என்று எல்லோரும் சொல்வோம். நேரம் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் தளத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 15 விநாடி. 5 நிமிடப் பந்தயத்தில் 20 சுற்று. சுற்றுக்கு 0.2 விநாடி குறைந்தால் முடிவில் 4 விநாடி முன்னால் இருப்போம். 0.2 விநாடியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அப்புறம் தளம். ஒரு மாங்கூழ் ஆலைக்காரர் தன் சிமென்ட் முற்றத்தை எங்களுக்குத் தந்திருக்கிறார். மாம்பழ சீசனில் அங்கே கிரேட்டுகள் அடுக்கியிருக்கும், நுழைய முடியாது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஞாயிறு காலைகளில் எங்களுக்கு. வாடகை கேட்கவில்லை. அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

அந்த முற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. லோடு இறக்கும் மூலையில் சாறு சிந்திச் சிந்திக் காய்ந்து படிந்திருக்கிறது. அந்த இடத்துக்கு வந்ததும் டயர் கப்பென்று பிடிக்கும். நான்கு அடி தள்ளிப் போனால் புழுதியில் வழுக்கும். வெளிநாட்டுத் தார்த் தளங்களில் புழுதி அடங்கவும் பிடிமானம் கூடவும் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே அதை மாம்பழமே ஒரு மூலையில் மட்டும் செய்து வைத்திருக்கிறது. ஒரே சுற்றில் இரண்டு விதப் பிடிமானம் என்றால் எந்த செட்டப்பும் நிற்காது. முற்றம் முழுவதையும் கழுவி, விரிசல்களை அடைத்து, ஓரத்தில் தடுப்பு போட ரூ.17,500 ஒதுக்கியிருக்கிறோம். கார்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால், அதை சார்ஜ் செய்யும் இடத்துக்கு இரும்புப் பெட்டி, மணல் வாளி, தீயணைப்பான் ரூ.7,500. இதில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம். சின்னப் பிள்ளைகள் வரும் இடம்.

மேசை யாருக்கு என்றால், கார் வைத்திருக்கும் எவருக்கும். எங்கள் குழுவில் இல்லாதவர் வந்தாலும் கட்டணம் கிடையாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் கார் இல்லாமலேயே வரலாம், எங்கள் கார்களைக் கழற்றி அளந்து பழகலாம். டிடி-02-இல் மோட்டார் பல்சக்கரம் 22 பல், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் 70 பல், உள்ளே இருக்கும் மற்ற பல்சக்கரங்களின் விகிதம் 2.6. 70-ஐ 22-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 8.27 வரும். மோட்டார் எட்டே கால் சுற்றுச் சுற்றினால் டயர் ஒரு சுற்று. இதைப் புத்தகத்தில் போட்டுப் பார்ப்பதற்கும், மோட்டார் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டியதும் மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுவதைத் தொட்டுப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நம் சித்திரை வெயிலில் பல்லைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதை இங்கே ஓட்டித்தான் கற்றுக்கொண்டோம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. அதனால் வரிவிலக்குச் சான்று தர முடியாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கு இருக்கிறது. இந்த வேண்டுகோளுடன் வரும் க்யூ.ஆர். அட்டை அந்தக் கணக்கினுடையது. ரூ.50 தந்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு நோட்டு ஞாயிறுதோறும் முற்றத்தில் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். பணம் மிஞ்சினால், கார் வாங்க முடியாத பிள்ளைகள் ஓட்ட ஒரு பொதுக் கார் வாங்குவோம். ஆலைக்காரருக்கு முற்றம் தேவைப்பட்டால் மேசையை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்குத் தகுந்த மாதிரிதான் ஸ்டாண்ட் செய்கிறோம்.

ஆயுத பூஜைக்குள் மேசை வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அன்றைக்குக் கல்லின் மேல் கருவிகளை அடுக்கிப் பொட்டு வைத்து, மறுநாள் முதல் காரை வைத்து அளக்கத் தொடங்குவோம். பணம் தர இயலாதவர்கள் ஒரு ஞாயிறு காலை 6.30-க்கு வந்து முற்றம் கழுவக் கை கொடுத்தால் அதுவும் எங்களுக்கு நன்கொடைதான். ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் கழற்றிப் போட்ட பழைய சொட்டுநீர்க் குழாய் இருந்தால் எரித்துவிடாதீர்கள். தளத்தின் ஓரத் தடுப்புக்கு அது போதும். தகவல் சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
குழுவினர் சார்பில் செயலாளர்,
கிருஷ்ணகிரி