பாட்டு நேரத்துல டிவி சவுண்ட ஆஃப் பண்ணுங்க: அயர்லாந்து கால்வேல இருக்கிற ஒரு பப் மேனேஜ்மென்ட்டுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய மேனேஜ்மென்ட்டுக்கு வணக்கம்.

மே 1 ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும், உங்க பார்லதான் நடந்துச்சு. பழைய ஐரிஷ் பாட்டுக்காரர் ஜோ ஹீனி இறந்த நாளு, பின்பக்க டேபிள்ல உக்காந்து அவர் பாட்டெல்லாம் பாடப்போறோம்னு இங்க பாட வர்றவங்க முன்கூட்டியே கேட்டாங்க, நீங்களும் சரின்னு சொல்லி வாசல் போர்டுல சாக்பீஸ்ல எழுதியும் வச்சீங்க. அப்புறம் மேட்ச் ஆரம்பிச்சதும் டிவி சவுண்ட ஏத்திவிட்டுட்டீங்க. அவர் போட்டோ மாட்டியிருக்கிற அதே சுவத்துல, அதுக்குக் கீழயேதான் டிவி.

ஜோ பாடுன ஷான் நோஸ், அதாவது ஐரிஷ் மொழியில பழைய பாணிப் பாட்டுன்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கிட்டார் கிடையாது மைக் கிடையாது, ஒத்தக் குரல்தான், சுத்தி இருக்கிறவங்க வாய மூடிட்டுக் கேட்டாதான் அது பாட்டு. அன்னிக்கு ஜோவோட ஊரான கார்னா பக்கத்துலருந்து ஒரு அம்மா பஸ்ல வந்திருந்தாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும். சிலுவையில இருக்கிற மகனப் பாத்து மாதா அழுவுற பாட்டு, ஜோ பாடி ரெக்கார்டுலயும் இருக்கே, அதத்தான் எடுத்தாங்க. வரிக்கு வரி 'ஓஹோன்'னு ஒரு இழுவை வரும், எங்க ஊர் ஒப்பாரி கேட்டு வளந்த எனக்கு அர்த்தம் புரியாமலே தொண்டை அடைச்சுது. பக்கத்துல இருந்தவரு அந்தம்மா கையப் புடிச்சு மெதுவா சுத்திக்கிட்டே இருந்தாரு, கண்ண மூடித்தான் பாடுனாங்க. பாதியில கோல் விழுந்துச்சு. பாரே கத்துச்சு, கமென்டேட்டரும் கத்துனாரு. அந்தம்மா கண்ணத் திறந்தாங்க, டிவியப் பாத்தாங்க, அடுத்த வரி வரல. மறுபடி ஆரம்பிச்சுப் பாத்தாங்க, திரும்ப ரீப்ளே, திரும்ப சத்தம். "போதும்"னு உக்காந்துட்டாங்க. யாரையும் திட்டல, கோட்ட எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். அந்த நேரம் பாத்து உங்க பையன் வந்து காலி கிளாஸ எடுக்கட்டுமான்னு கேக்குறான்!

நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பாட்டு நடக்கிற நேரம் டிவி சவுண்ட ஆஃப் பண்ணுங்க. படம் ஓடட்டும், யார் வேணாங்குறா.

ஜோவோட கதையே இதுதான்னு தோணுது. 1919ல கார்னாவுல பொறந்த மனுஷன், 1955ல ஒய்ரக்டஸ்ங்கிற ஐரிஷ் மொழிக் கலை விழாவுல தங்க மெடல் வாங்குனாரு, ஆனா மெடல் சோறு போடுமா, கிளாஸ்கோ லண்டன்னு வேலைக்கு அலைஞ்சு கடைசில நியூயார்க்ல சென்ட்ரல் பார்க் பக்கத்துல ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல வாசல் கதவு திறந்துவிடுற வேலை. 1982ல அமெரிக்கா அரசு தேசிய விருது குடுத்துச்சு, சியாட்டில்ல இருக்கிற வாஷிங்டன் யுனிவர்சிட்டில வாத்தியாரா வச்சுக்கிட்டாங்க, 1984ல அங்கயே போயிட்டாரு. உடம்புதான் கார்னாவுக்குத் திரும்பி வந்துச்சு. உசுரோட இருக்கிறப்ப வச்சுக்க முடியல, இப்ப டூரிஸ்ட் போட்டோ எடுக்க சுவத்துல வச்சிருக்கோம். ஊர் பூரா 'டெய்லி ட்ராட் மியூசிக்'னு, அதாவது தினமும் பாரம்பரியப் பாட்டுன்னு போர்டு, உள்ள போனா ஆம்ப்ளிஃபையர் வச்சு அதே பத்துப் பாட்டு, ஆணியில தொங்குற போரான்ல, அதான் அந்த ஐரிஷ் தப்பட்டையில, தூசி. பேசாம போட்டோவயும் கழட்டிட்டு இன்னொரு டிவி மாட்டிடுங்க, இடமாவது மிச்சம்.

மன்னிக்கணும், கொஞ்சம் ஓவரா போயிட்டேன். இங்கிலீஷ்ல அனுப்புன மெயிலுக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ரெடிமேட் பதில்தான் வந்துச்சு, அந்தக் கடுப்புதான் இப்ப தமிழ்ல கொட்டுது (இங்கிலீஷ் காப்பி தபால்ல வரும்). நான் வந்தேறி, ஐரிஷ் நாலு வார்த்தை தெரிஞ்சா அதிகம், எனக்கே இவ்ளோ வலிச்சா அங்க பொறந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

மேட்ச் அன்னிக்கு உங்க வியாபாரம் புரியுது. நீங்க வேற நாள் சொன்னா அந்த நாளுக்கு மாத்திக்கச் சொல்லி நானே அவங்ககிட்ட பேசுறேன், திங்கக்கிழமை காத்தாடுற உங்க பின்ரூம் குடுத்தாலும் சந்தோஷம். ஆனா சரின்னு போர்டுல எழுதிப் போட்டுட்டீங்கன்னா தயவுசெஞ்சு அந்த ரெண்டு மணி நேரம் டிவி சவுண்ட ஆஃப் பண்ணுங்க. பார்ல நிக்கிற பசங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க, ரிமோட் அவங்க கையிலதான் இருக்கு.

இப்படிக்கு,
பின்பக்க டேபிள்ல டீ மட்டும் குடிக்கிற தமிழ் ஆளு