ஏழாவது வரியில் தப்பில்லை, கண்ணு

அன்புள்ள கயலுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பி.காம். முடித்துவிட்டு எம்.சி.ஏ. சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் "எனக்கு இது வராதும்மா" என்கிறாய். பைத்தான் என்ற கணினி மொழியில் நீ எழுதிய நிரலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அதைக் காலையில் சமையல் முடித்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன்.

ஏழாவது வரியில் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய முறையில் பிழை என்று காட்டுகிறது. நீயும் அதையே திருப்பித் திருப்பி அடித்திருக்கிறாய். அந்த வரியில் தப்பே இல்லை கண்ணு. ஆறாவது வரியில் அச்சிடச் சொல்லும் பிரிண்ட் (print) கட்டளைக்குப் பக்கத்தில் திறந்த அடைப்புக்குறியை நீ மூடவில்லை. மூடும் குறி வரும் என்று பைத்தான் அடுத்த வரிக்கும் போய்த் தேடும். அங்கே இன்னொரு பிரிண்ட் நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஏதோ இடிக்கிறது என்று அதற்குப் புரியும். உடனே அந்த வரியைக் காட்டிவிடும். 2021-ல் வந்த பைத்தான் 3.10 பதிப்பிலிருந்து, மூடாமல் விட்ட குறியையே சுட்டிக் காட்டுகிறது. உங்கள் லேபில் இருப்பது அதற்கு முந்தையது போலிருக்கிறது.

1999-ல் நான் டர்போ சி என்ற மென்பொருளில் சி மொழி படித்தபோதும் இதே கதைதான். நீலத் திரையில் ஒரு அரைப்புள்ளியை விட்டிருப்பேன், பிழை அடுத்த வரியில் என்று காட்டும். மேல் வரியைப் பார்க்கத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. உனக்கு அத்தனை நாள் ஆக வேண்டாம்.

இன்னொன்றையும் கவனி. அடைப்புக்குறியோ மேற்கோள் குறியோ விட்டுப்போனால், பைத்தான் முதல் வரியைக்கூட அச்சிடாது. முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். ஆனால் பிரிண்டின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டாய் என்று வை, அதற்கு மேலே இருக்கும் வரிகள் ஒழுங்காக அச்சாகும், அந்த வரிக்கு வந்ததும்தான் நிற்கும். அது சின்டாக்ஸ் எரர் இல்லை, நேம் எரர், அதாவது அந்தப் பெயர் பைத்தானுக்குத் தெரியவில்லை. அதனால் திரையில் ஏதாவது வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்பதை முதலில் பார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம், வேர்டில் இருக்கும் நோட்ஸிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதே. அதில் மேற்கோள் குறி வளைந்திருக்கும், பைத்தான் அதை ஏற்காது. கையாலேயே அடி.

பயிற்சித் தாளில் இருக்கும் கணக்கை ஓட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று காகிதத்தில் எழுது. 5 + 5 என்றால் 10. இரண்டு ஐந்தையும் மேற்கோளுக்குள் போட்டுக் கூட்டினால் 55. நடுவில் கூட்டல் குறிக்குப் பதில் காற்புள்ளி போட்டால், இடைவெளி விட்டு 5 5. இந்த மூன்றும் எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தத் தாளில் பாதிக் கணக்கு உனக்குச் சுலபம்.

சரி, இன்றைக்குப் பத்தாவது கணக்கைப் போடு. ஓட்டுவதற்கு முன்னால் நீ எழுதியதைப் படம் எடுத்து அனுப்பு. நானும் இங்கே எழுதி வைக்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும் போன் பண்ணு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா