வானியல் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற பதினோரு பேருக்கும் வணக்கம், வராதவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்.

மாசக் கூட்டம் ஒன்பது நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல டெலஸ்கோப் காட்டுனது ரெண்டு தடவை. கொடைக்கானல் டூர் ஆள் சேராததால கேன்சல்.

அடுத்து ஸ்பெக்ட்ரம் விஷயம், அதாவது சூரிய வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு போட்டோ எடுக்க நான் டிவிடிய வச்சு செஞ்ச கருவி. "டிவிடி டப்பாவுக்கு சங்கப் பணமா"ன்னு பேச்சு அடிபடுதுன்னு கேள்விப்பட்டேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடுறேன். எழுதாத டிவிடிய பிளேடு வச்சு ரெண்டா பிளந்து, மினுக்குற பூச்ச டேப் ஒட்டி உரிச்சு, சாயத்த ஸ்பிரிட்ல கழுவுனா மில்லிமீட்டருக்கு சுமார் 1350 கோடு இருக்கிற கிரேட்டிங், அதாவது வெளிச்சத்த நிறமா பிரிக்கிற தகடு, கையில வந்துடும். முன்னாடி ஷேவிங் பிளேடு ரெண்டு வச்சு ஸ்லிட் (வெளிச்சம் நுழையுற மெல்லிய இடுக்கு), உள்ளே கருப்பு சார்ட் ஒட்டுன பிவிசி பைப், பின்னாடி என் சொந்த கேமரா. மொத்த செலவு போன வருஷ பிரியாணிக்கு ஆனதுல கால்வாசி கூட வராது.

முதல் மாசம் வெறும் வானவில் தான் வந்துச்சு. ஸ்லிட்ட முடி அளவுக்கு ஒடுக்கி, டிவிடி வரிக்கு நேரா திருப்புனப்புறம் தான் கருப்புக் கோடுங்க எட்டிப் பார்த்துச்சு, 1814ல ஜெர்மன் விஞ்ஞானி ஃபிரான்ஹோஃபர் சூரிய வெளிச்சத்துல பார்த்த அதே கோடுங்க. எந்தக் கோடு எத்தனை நானோமீட்டர் அலைநீளம்னு அளவு குறிக்க, பாதரசம் இருக்கிற பழைய சிஎஃப்எல் பல்பு தேடி மூணு எலக்ட்ரிக் கடை ஏறி இறங்குனேன், எல்இடில பாதரசக் கோடு வராதே. 589 நானோமீட்டர்ல சோடியம் இரட்டைக் கோடு, நம்ம செட்டுல ஒண்ணா தான் தெரியுது, அது உண்மை. "ஹீலியம் எங்க சார்"னு கேட்டவருக்கு: அது 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துல குண்டூர், மசூலிப்பட்டினம் பக்கம் கூடாரம் போட்டவங்க சூரியனோட விளிம்புல பார்த்த மஞ்சள் கோடு, சாதாரண வெயில்ல எடுத்த போட்டோல தேடக் கூடாது.

எனக்குப் பெருமை 687 நானோமீட்டர் பட்டை தான். அது சூரியனோடது இல்ல, நம்ம காத்துல இருக்கிற ஆக்சிஜன். மத்தியானம் லேசா இருந்தது சாயங்காலம் வெயில் சாஞ்சு நிறைய காத்தைத் தாண்டி வரும்போது நல்லாவே கருத்துப் போச்சு. கேமரா ஃபில்டர் அந்த சிவப்ப அமுக்கிடுறதால எக்ஸ்போஷர ஏத்தி ஏத்தி எடுத்தேன். வர்றேன்னு கை தூக்குன ஆறு பேர்ல அன்னைக்கு மாடி ஏறுனது யாரும் இல்ல, குடை பிடிச்சது பக்கத்து வீட்டுப் பையன், அவன் உறுப்பினர் கூட கிடையாது.

வரவு செலவு பொருளாளர் அண்ணன் வாசிப்பாரு, கையிருப்பு இருக்கு, போன வருஷம் அளவுக்கு இல்ல. சந்தா பாக்கி பத்தொன்பது பேர். பேர் படிக்கல, டப்பா பேச்சு பேசுனவங்களும் அதுல இருக்காங்க. ஹால் கொடுத்தவங்களுக்கும் டீ போட்ட அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நல்ல கிரேட்டிங் ஒண்ணு வாங்கி சோடியத்த ரெண்டா பிரிச்சுக் காட்டணும்னு ஆசை, மேற்கு பார்த்த மொட்டைமாடி யார்கிட்டயாவது இருந்தா இன்னும் நல்லது, வேற யாராவது செயலாளரா வந்தாலும் சந்தோஷம் தான். சங்கத்து ட்ரைபாட் யார் வீட்டுல இருக்குன்னு அவங்களுக்கே தெரியும். ரசீது புக்கு என் பையில தான் இருக்கு, டீ குடிக்கிற நேரத்துல வாங்க.